லெதர்ஜி: சோம்பலும் இல்லை, சாவும் இல்லை

மொரீஷியஸில் வீட்டில் கிரியோல், நாளிதழில் பிரெஞ்சு, தேர்வில் ஆங்கிலம் என்று வளரும் நம் பிள்ளைகள் லெதர்ஜி (lethargy) என்ற ஆங்கிலச் சொல்லில் அடிக்கடி தடுக்குகிறார்கள்.

பெரிய தவறு, அதைச் சோம்பேறித்தனம் என்று கொள்வது. கிரியோலில் ஒருவரை 'பாரெஸ்' என்று திட்டலாம். அந்த இடத்தில் லெதர்ஜிக் பொருந்தாது. சோம்பேறிக்குத் தெம்பு உண்டு, செய்ய மனமில்லை. லெதர்ஜியிலோ உடலும் மனமும் சேர்ந்து மந்தமாகும். காய்ச்சல், இரத்தசோகை, தைராய்டு குறைவு என எதுவும் காரணமாகலாம். மருத்துவக் குறிப்பில் பொருள் இன்னும் கடுமை: தட்டி எழுப்பினால் விழித்துப் பதில் சொல்லி, மறுபடி கண்ணயர்ந்துவிடும் நிலை. மருத்துவர் வான் எகனோமோ 1917இல் வியன்னாவில் விவரித்த மூளை அழற்சிக்கு 'லெதார்ஜிகா' என்று பெயர் வந்ததும் இந்தப் பொருளில்தான். ஆகவே கைக்குழந்தை பால் குடிக்காமல் துவண்டு கிடந்தால், டாக்டரிடம் வெறும் 'களைப்பு' என்று சொல்லி நிறுத்தக்கூடாது. எழுப்பினால் விழிக்கிறதா, எத்தனை வேளை பால் தவறியது என்று சொல்ல வேண்டும்.

அடுத்தது, உயிர்போக்கும் என்று பொருள்படும் 'லீதல்' சொல்லோடு உறவு கட்டுவது. லீதல் லத்தீன் 'லேடும்', அதாவது சாவு என்பதிலிருந்து வந்தது. கிரேக்க 'லேத்தே'யை நினைத்து யாரோ நடுவில் 'h' என்ற எழுத்தைச் செருகியதால்தான் இரண்டும் ஒரே சாயலில் தெரிகின்றன. லேத்தே என்றால் மறதி. பாதாளத்தில் இறந்தவர் குடித்துப் பழையதை மறக்கும் ஆற்றின் பெயரும் அதுவே. லெதர்ஜியின் முற்பாதி இது. பிற்பாதி 'அர்கோஸ்', வேலையற்றது. எதனோடும் வினைபுரியாத வாயுவுக்கு 1894இல் ஆர்கான் என்று பெயரிட்டதும் இதை வைத்துத்தான். அர்கோஸுக்குள் இருக்கும் 'எர்கான்', அதாவது வேலை, எனர்ஜியிலும் இருக்கிறது. எதிரிகள் இரண்டுக்கும் ஒரே வேர்! மறவி, மடி, துயில் என்று 605ஆம் குறள் தனித்தனியே எண்ணுபவற்றைக் கிரேக்கச் சொல் ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டது.

உச்சரிப்பில் பிரெஞ்சுப் பழக்கம் குறுக்கிடும். சொல்லின் நடுவே வரும் 'th', பிரெஞ்சில் வெறும் 'ட்' போல் ஒலிக்கும்; அதை ஆங்கிலத்தில் நாக்கு நுனியைப் பல்லிடுக்கில் வைத்துக் காற்றோடு சொல்ல வேண்டும். அழுத்தம் லெதர்ஜியில் முதல் அசைக்கு, லெதார்ஜிக்கில் இரண்டாம் அசைக்கு. 'ஐ ஆம் லெதர்ஜி' என்று எழுதினால் பெயர்ச்சொல்லாகிவிடும். 'ஐ ஃபீல் லெதார்ஜிக்' என்பதே சரி.