ஹீரோ பிறந்த கதை எப்படி மாறியது என்று கண்டுபிடிக்க

முதலில் ஒரே ஒரு ஹீரோவை எடுத்துக்கொள்ளுங்கள். தண்டையார்பேட்டையில் என்னிடம் காமிக்ஸ் வாங்கிப்போகும் பசங்களுக்கு நான் அயர்ன் மேனைத்தான் கொடுப்பேன், ஏனென்றால் 1963-இல் வந்த முதல் கதையில் டோனி ஸ்டார்க் (அயர்ன் மேனின் நிஜப் பெயர்) காயப்பட்டுப் பிடிபடுவது வியட்நாமில், 2008 படத்தில் அதே சம்பவம் ஆப்கானிஸ்தானில். ஹீரோவுக்கு வயதாகக் கூடாதே, அதனால் போரையே மாற்றிவிடுகிறார்கள்.

அப்புறம் நோட்டில் நடுக்கோடு போட்டு, மாறியதை ஒரு பக்கமும் மாறாததை மறுபக்கமும் எழுதுங்கள். ஸ்பைடர்மேனைக் கடித்த சிலந்தி 1962 கதையில் கதிரியக்கம் ஏறியது, 2002 படத்தில் மரபணு மாற்றப்பட்டது; அவனை வளர்த்த பென் பெரியப்பாவின் சாவு இரண்டிலும் இருக்கிறது. அந்தந்தக் காலத்தில் மக்கள் எதற்குப் பயந்தார்கள் என்பதையும் பக்கத்திலேயே குறித்துவையுங்கள், எனக்கு ரொம்பப் பிடித்த வேலை இதுதான். கையில் இருப்பது மறுபதிப்பு என்றால், முதலில் வந்த ஆண்டைத் தேடி எழுதுங்கள்.