பச்சை விளக்கை நம்பி ஏமாறாதீர்கள்

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிப் பக்கம் ஒரு ரியூட்டரி. பன்னிரண்டு கொம்பியூட்டர், அவற்றின் வயர்களெல்லாம் வந்து சேரும் பெட்டியான ஒரு சுவிட்ச், பைபர் இணைப்பு. கடைசி வரிசையில் நான்கு மெசினில் மட்டும் நெட் இழுபடுகிறது என்று கூப்பிட்டார்கள். அதற்குள் ரவுட்டரை ஒருமுறை மாற்றி, இணைப்புத் தந்தவர்களுக்கும் நாலு தரம் போன் அடித்து ஏசியாயிற்று. "அண்ணை, விளக்கு பச்சையாத்தான் எரியுது, வயரில பிழையில்லை" என்றான் அங்கே நின்ற தம்பி.

பிழை வயரில்தான். நெட்வேர்க் வயருக்குள் எட்டு இழைகள், இரண்டிரண்டாக முறுக்கப்பட்டு நான்கு சோடி. ஒரு சோடியின் இரு இழைகளிலும் ஒரே சமிக்ஞை எதிரெதிராக ஓடும். வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டிலும் ஒரே அளவில் விழும். மறுமுனை இரண்டுக்குமுள்ள வித்தியாசத்தை மட்டும் எடுப்பதால் இரைச்சல் கழிந்துவிடும். முறுக்கின் வேலை இதுதான். வயர் முனையில் பிளக் அடித்தவர் என்ன செய்தார் என்றால், பார்க்க வடிவாக இருக்கட்டும் என்று செம்மஞ்சள் சோடி, பச்சைச் சோடி, நீலச் சோடி, மண்ணிறச் சோடி என்று வரிசையாகச் செருகிவிட்டார். ஆனால் பிளக்கின் 3ஆம், 6ஆம் ஊசிகளுக்கு ஒரே சோடியின் இழைகள் போகவேண்டும். அவர் வரிசையில் 3இல் வெள்ளை-பச்சை, 6இல் நீலம். ஒன்றோடொன்று முறுக்கப்படாத இரண்டு இழைகள்! சரியான ஒழுங்கு: வெள்ளை-செம்மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-மண்ணிறம், மண்ணிறம்.

இதில் பொல்லாத விசயம், வயரைச் சோதிக்கும் மலிவான ரெஸ்ரரில் போட்டால் ஒன்றிலிருந்து எட்டு வரை விளக்கு ஒழுங்காக எரியும். இழை அறுந்திருக்கிறதா என்றுதான் அது பார்க்கும். சோடி சரியா என்று அதற்குத் தெரியாது. சுவிட்ச்சின் பச்சை விளக்கும் அப்படித்தான். இரண்டு முனையும் ஒன்றையொன்று கண்டுகொண்டன என்பதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை. பிளக் அடிக்கும்போது முறுக்கை நீளமாகப் பிரிப்பதும் இதே வகைப் பிழை. அரை அங்குலத்துக்கு மேல் பிரிக்கவேண்டாம்.

"300 எம்பிபிஎஸ் பக்கேஜ் எடுத்தேன், 94க்கு மேல் ஏறவில்லை" என்பார்கள். அந்த 94, 95ஐக் கண்டால் வயரைப் பாருங்கள். 100 எம்பிபிஎஸ்ஸுக்கு 1, 2, 3, 6 என்ற நான்கு இழைகள் போதும், கிகாபிட்டுக்கு (1000 எம்பிபிஎஸ்) எட்டும் வேண்டும். மற்ற நான்கில் ஒன்று அறுந்திருந்தாலும் பெரும்பாலான கருவிகள் சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடும். விளக்கு எரிந்தபடியே இருக்கும். (பழைய சுவிட்ச் 100 வகையாகவே இருக்கலாம், அதையும் பாருங்கள்.)

வயர் வாங்கும்போது கத்தியால் ஒரு இழையைச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செப்புப் பூசிய அலுமினியம். மடித்தால் முறியும், மின்தடையும் அதிகம். அதே வயரால் கமராவுக்கு மின்சாரமும் கொடுத்தால் சூடாகும். பெட்டி பாரமில்லாமல் இருந்தாலே எனக்குச் சந்தேகம்தான்.

நம்முடைய வளவுகள் பெரியவை. வீட்டிலிருந்து படலைக் கமராவுக்கு, கிணற்றடி தாண்டி பின் வீட்டுக்கு என்று வயர் போகும். செப்பு வயரின் எல்லை 100 மீற்றர்; மதிலோடு வளைந்து போகும் தூரத்தையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். உள்ளே போடும் சாம்பல் நிற வயரை வெயிலில் விட்டால் மேலுறை வெடித்துத் தண்ணீர் இறங்கும், வெளிக்கென்று வரும் கறுப்பு வயர்தான் போடவேண்டும். 230 வோல்ட் கரண்ட் வயரோடு ஒரே குழாயில் இழுக்கவும் கூடாது. இது இரைச்சலுக்கும் மேலாக உயிர்ப் பிரச்சினை. ஐப்பசி இடியின்போது பலர் ரவுட்டரின் கரண்ட் பிளக்கை மட்டும் இழுத்துவிட்டு, வெளியிலிருந்து வரும் நெட்வேர்க் வயரை அப்படியே விட்டுவிடுவார்கள். மின்னல் அதன் வழியாகவும் வரும். வானம் கறுக்கும்போதே இரண்டையும் கழற்றுங்கள், முழக்கம் தொடங்கிய பிறகு தொடவேண்டாம். இரண்டு கட்டடங்களுக்கிடையே என்றால் நான் பைபர்தான் போடச் சொல்வேன். கண்ணாடியில் மின்சாரம் பாயாது.

சுண்ணக்கல் சுவர் தடிப்பான பழைய வீடுகளில் வைபை உள் அறைக்கு எட்டாது என்று இரண்டாவது ரவுட்டர் வாங்குவார்கள். சரி, வாங்கலாம். ஆனால் இரண்டும் தாமாகவே முகவரி பிரித்துக் கொடுத்தால் வீட்டில் பாதிப் போன் வழி தெரியாமல் நிற்கும். இரண்டாவதில் முகவரி பிரித்துக் கொடுக்கும் அந்த வேலையை (டிஎச்சிபி) நிறுத்தி, அதன் முகவரியை மாற்றி, லான் (LAN) என்று போட்ட துளையில் வயரைக் கொடுங்கள்.

கூட்டித் துடைத்தவர் தரையில் கிடந்த வயரின் இரு முனைகளையும் ஒரே சுவிட்ச்சில் செருகிவிட்டுப் போவதும் உண்டு. சாதாரண சுவிட்ச் என்றால் ஒரே தகவல் சுற்றிச் சுற்றி ஓடி முழு அலுவலகமும் நின்றுபோகும். அப்போது எல்லா விளக்கும் ஒன்றாகப் படபடக்கும். ரவுட்டரைத் தொடாமல் அந்த ஒரு வயரைத் தேடிக் கழற்றுங்கள், கொஞ்ச நேரத்தில் வழிக்கு வந்துவிடும்.