வீட்டுக்குப் பின்னால பொடக்காளிக்கு வர்ற காக்காய ஒவ்வொண்ணா தெரிஞ்சுக்கறது எப்படி

எல்லாக் காக்காயும் ஒண்ணுதான்னு நெனைக்கறீங்களா, ஒரு மாசம் இதப் பண்ணிப் பாருங்க.

மொதல்ல எடமும் நேரமும் மாறக்கூடாதுங்க. தோட்டத்து வீடு, அதான் சாளைன்னா மாடு கட்டற கட்டுத்தாரை ஓரம், டவுனுன்னா மொட்டமாடிச் செவுரு, தெனமும் காலைல ஒரே ஆளு போயி ஒரு கை வெறுஞ்சோறு, ஒரு சட்டில தண்ணி வெச்சுட்டு தள்ளி உக்காந்துக்கணும். உப்பு, மசாலா, மிச்ச மிக்சரெல்லாம் வேண்டாம். கையில வாங்கித் திங்க வெக்கணும்னு ஆசப்படாதீங்க, மனுசங்கமேல பயம் விட்டுப்போன பறவை உண்டிவில்லு வெச்சிருக்கற பசங்ககிட்டயும் அப்படியே போயி நிக்கும்.

கழுத்து சாம்பலா இருந்தா ஊர்க்காக்கா, முழுக்க கருப்பா பெருசா இருந்தா அண்டங்காக்கா. அதுக்குள்ள ஆளு ஆளா பிரிக்கறதுக்கு காலையும் அலகையும் பாருங்க, ஒண்ணு நொண்டும், ஒண்ணுக்கு வெரலு இருக்காது, ஒண்ணுக்கு அலகு நுனி ஒடஞ்சிருக்கும். ஒடஞ்ச எறகு உதுந்து புதுசு மொளச்சிரும், அத நம்ப முடியாது. நோட்டுல பேரு போட்டு எழுதி வெச்சுக்கங்க.

அப்பறந்தான் முக்கியமானது. சோத்துக்குப் பக்கத்துல அது பாக்காத ஒரு பொருள வெய்யுங்க, செவப்பு மக்கு போதும். ஒண்ணு நேரா எறங்கீரும், ஒண்ணு செவுத்துமேலயே நின்னு தலைய இந்தப்பக்கம் அந்தப்பக்கம் சாச்சு மக்கையே பாக்கும், ரெண்டு தத்து முன்னால வந்துட்டு பொசுக்குன்னு பின்னால பறக்கும், இன்னொண்ணு மத்தது தின்னுட்டு பத்திரமா போறவரைக்கும் காத்திருக்கும். ஒரு நாள் மொதல்ல வந்துச்சுன்னா அது பசியா இருக்கலாம், ஆனா பொருள மாத்தி மாத்தி வெச்சும் திரும்பத் திரும்ப அதேதான் வருதுன்னா அதோட கொணமே அதுதான்.

ஒரே ஆளு போகணும்னு சொன்னதுக்கு காரணம் இருக்குங்க, காக்கா மொகத்த ஞாபகம் வெச்சுக்கும். சியாட்டில்ல ஜான் மார்ஸ்லஃப்னு ஒரு பேராசிரியரும் அவரு கூட இருந்தவங்களும் 2006ல ஒரு மொகமூடி மாட்டிட்டு காக்காய புடிச்சு கால்ல வளையம் போட்டு விட்டாங்க, வருசக்கணக்கா கழிச்சும் அந்த மொகமூடியக் கண்டா கத்தித் தீத்துருச்சு, புடிபடாத காக்காயுங்கூட. அது அமெரிக்கக் காக்கா, இருந்தாலும் நம்மூர்ல கூடு கட்டியிருக்கற மரத்துல கல்லு விட்டவன் தலைய எத்தன வாட்டி கொத்த வருதுன்னு பாத்திருப்பீங்க.

காங்கேயம் பக்கம் ஆடு மாடு மேயற கொறங்காட்டுல கெளுவ வேலியோரம் நின்னா தவுட்டுக்குருவிக் கூட்டத்தையும் இப்படிப் பாக்கலாம், மத்ததெல்லாம் கீழ கெளறும்போது ஒண்ணு மட்டும் ஒசரத்துல காவலுக்கு உக்காந்திருக்கும்.

வீட்ல லவ் பேர்ட்ஸ் இருந்தாலும் இதே வழிதான், ஆனா புதுப் பொருள எடுத்தவொடனே கூண்டுக்குள்ள போட்றாதீங்க, ஒரு நாள் வெளிய வெச்சுட்டு அப்பறம் உள்ள. பயப்படறத கையில புடிச்சுப் பழக்காதீங்க பாவம், தெனக்கதிர கம்பி வழியா நீட்டிட்டு அதுவா வர்ற வரைக்கும் பொறுங்க. பச்சக்கிளி, மைனா மட்டும் வளக்கவே கூடாது, 1972 வனவிலங்குச் சட்டப்படி குத்தம்.