பிரஷர் ஸ்விட்சை மாற்றுவதற்கு முன்

மொட்டை மாடித் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு சிறிய பிரஷர் பம்ப், அதன் மேல் ஓர் உருண்டை டேங்க், இரண்டுக்கும் நடுவே கைக்கு அடங்கும் ஒரு மூடிய பெட்டி. அந்தப் பெட்டிதான் பிரஷர் ஸ்விட்ச். ஷவரில் தண்ணீர் விட்டு விட்டு வந்தாலும், பம்ப் நிற்காமல் ஓடினாலும், நொடிக்கொரு தரம் ‘டக் டக்’ என்று அடித்துக்கொண்டாலும் பழி முதலில் விழுவது இதன் மேல்தான். பிளம்பர் வருகிறார், புது ஸ்விட்ச் மாட்டுகிறார், சில வாரங்களில் அதே சத்தம் மறுபடியும் கேட்கிறது. பல வீடுகளில் கழற்றி எறிந்த பழைய ஸ்விட்சில் குறையே இருந்திருக்காது.

அது செய்யும் வேலை மிக எளியது. குழாயில் உள்ள அழுத்தம் ஒரு சவ்வைத் தள்ளுகிறது. மறுபுறம் ஒரு ஸ்பிரிங் எதிர்த்து நிற்கிறது. அழுத்தம் 1.5 பாருக்கு (பார் என்பது அழுத்தத்தை அளக்கும் அலகு) இறங்கினால் பாயிண்ட், அதாவது மின்சாரத்தைச் சேர்த்துப் பிரிக்கும் உலோக முனைகள், சேர்ந்து மோட்டார் ஓடும். 3 பாருக்கு ஏறினால் பாயிண்ட் பிரிந்து மோட்டார் நிற்கும். எண்கள் பம்புக்குப் பம்பு மாறும், முறை மாறாது. உருண்டை டேங்கின் உள்ளே தண்ணீருக்கு ஒரு ரப்பர் பை, அதைச் சுற்றி அடைத்த காற்று; அந்தக் காற்றுதான் பம்ப் நின்ற பிறகும் தண்ணீரைத் தள்ளுகிறது. எங்கே ஒழுகுகிறது, டேங்கில் காற்று இருக்கிறதா என்பதெல்லாம் ஸ்விட்சுக்குத் தெரியாது. அழுத்தம் அடிக்கடி ஏறி இறங்கினால் அதுவும் அடிக்கடி அடிக்கத்தான் செய்யும்.

பம்ப் அடிக்கடி ஓடி ஓடி நிற்கிறது என்றால் ஸ்க்ரூ டிரைவரை எடுக்காதீர்கள்; ஒரு வாளியை எடுங்கள். பம்ப் தானாக நின்றதும் ஒரு குழாயைத் திறந்து, பம்ப் மறுபடி ஓடத் தொடங்கும்வரை எத்தனை லிட்டர் வருகிறது என்று பிடித்துப் பாருங்கள். 24 லிட்டர் டேங்க், 1.5 முதல் 3 பார் வரை அமைப்பு, காற்று சரியாக இருக்கிறது என்றால் ஏறக்குறைய 8 லிட்டர் வர வேண்டும். அரை லிட்டரிலேயே பம்ப் ஓடிவிட்டால் டேங்கில் காற்று போய்விட்டது, அல்லது உள்ளே இருக்கும் ரப்பர் பை கிழிந்துவிட்டது. டேங்கின் முனையில் உள்ள காற்று வால்வின் ஊசியை ஒரு கணம் அழுத்துங்கள். காற்றுக்குப் பதில் தண்ணீர் பீறிட்டால் பை போயிற்று. அதன் பிறகு எவ்வளவு காற்று அடித்தாலும் வீண்.

காற்று அடிப்பதிலும் ஒரு தவறு வழக்கமாக நடக்கிறது. டேங்கில் தண்ணீர் அழுத்தம் இருக்கும்போதே காற்று வால்வில் கேஜை (அழுத்தமானியை) வைத்து, ‘காற்று 2 பார் இருக்கிறதே’ என்று மூடிவிடுகிறார்கள். கேஜ் காட்டியது தண்ணீர் தள்ளும் அழுத்தத்தைத்தான். பம்பின் மின்சாரத்தை நிறுத்தி, தொட்டியிலிருந்து வரும் வால்வை மூடி, ஒரு குழாயைத் திறந்து தண்ணீர் முழுவதும் வடிந்த பிறகுதான் அளக்க வேண்டும். பம்ப் ஓடத் தொடங்கும் அழுத்தத்தைவிட 0.2 பார் குறைவாக, அதாவது 1.5 பார் அமைப்புக்கு 1.3 பார் இருக்கட்டும். வீட்டில் இருக்கும் சைக்கிள் பம்பே இதற்குப் போதும்.

யாரும் குழாயைத் திறக்காத நடு இரவிலும் பம்ப் அவ்வப்போது உறுமுகிறதா? எங்கோ தண்ணீர் போகிறது. டேங்குக்கு அடுத்து வீட்டுக்குள் போகும் வால்வை மூடிவிட்டு, பம்பில் உள்ள கேஜின் முள்ளைக் கவனியுங்கள். முள் அப்படியே நின்றால் ஒழுகல் வீட்டுக்குள். பத்துக்கு ஒன்பது முறை கழிவறை ஃபிளஷ் டேங்கின் ரப்பர் வாஷர். முள் மெல்ல இறங்கினால், வெளியே எந்த இணைப்பிலும் கசிவு இல்லாத நிலையில், தண்ணீரை ஒரு பக்கம் மட்டும் விடும் நான்-ரிட்டர்ன் வால்வு சரியாக மூடவில்லை. தண்ணீர் பம்ப் வழியாகவே தொட்டிக்குத் திரும்புவதால் தரையில் ஒரு சொட்டு ஈரம்கூடத் தெரியாது. இதைச் சரிசெய்யாமல் ஸ்விட்ச் மாற்றுவது பணத்தைத் தொட்டியில் போடுவதுதான்.

மூடியைத் திறப்பதற்கு முன் ஒன்று. பம்ப் ஸ்விட்சை அணைத்தால் போதாது, மின் பெட்டியில் அந்த லைனுக்கான பிரேக்கரான எம்சிபியையே இறக்குங்கள். சில வீடுகளில் ஃபேஸ் கம்பிக்குப் பதில் நியூட்ரல் கம்பி ஸ்விட்சில் போயிருக்கும். மோட்டார் நின்றிருந்தாலும் உள்ளே மின்சாரம் இருக்கும். ஈரமான மொட்டை மாடியில் வெறுங்காலோடு அதைச் சோதித்துப் பார்க்க வேண்டாம்.

உள்ளே பெரும்பாலும் ஒரு பெரிய ஸ்பிரிங், ஒரு சிறிய ஸ்பிரிங், இரண்டின் மேலும் நட்டு இருக்கும். ‘இன்னும் கொஞ்சம் ஃபோர்ஸ் வேண்டும்’ என்று பெரிய நட்டைத் திருகிக்கொண்டே போவது எனக்குத் தெரிந்து மிக விலை உயர்ந்த தவறு. பெரும்பாலான வகைகளில் பெரிய நட்டு ஓடும் அழுத்தம், நிற்கும் அழுத்தம் இரண்டையும் சேர்த்தே உயர்த்தும். சிறிய நட்டு இரண்டுக்கும் உள்ள இடைவெளியை மாற்றும். பம்பின் தகட்டில் அதிகபட்ச ஹெட் (தண்ணீரை ஏற்றக்கூடிய உயரம்) எத்தனை மீட்டர் என்று எழுதியிருப்பதைப் பாருங்கள். 10 மீட்டர் என்பது ஏறக்குறைய 1 பார். 25 மீட்டர் பம்பால் 2.5 பாருக்கு மேல் தள்ள முடியாது. அதன் ஸ்விட்சை 3 பாருக்கு வைத்தால் பாயிண்ட் ஒருபோதும் பிரியாது. குழாய்கள் எல்லாம் மூடியிருக்க, அதே தண்ணீர் பம்புக்குள் சுழன்று சூடேறி சீல் கருகும். மாலையில் வோல்டேஜ் இறங்கும் தெருக்களில் எல்லையை ஒட்டி வைத்த அமைப்பும் இப்படி நிற்காமல் ஓடும். நட்டைத் தொட்டே ஆக வேண்டுமானால் முதலில் பெயிண்டால் ஓர் அடையாளம் வையுங்கள், ஒரு நேரத்தில் ஒரு சுற்றுக்கு மேல் திருகாதீர்கள், ஒவ்வொரு முறையும் கேஜைப் பாருங்கள். கேஜே பழுதில்லை என்பதற்கு, அழுத்தம் முழுவதும் இறங்கியதும் முள் பூஜ்யத்துக்கு வர வேண்டும்.

பம்ப் ஓடவே இல்லை, பெட்டியை ஸ்க்ரூ டிரைவர் பிடியால் தட்டினால் ஓடுகிறது என்று சிலர் மாதக்கணக்கில் தட்டிக்கொண்டே காலம் தள்ளுகிறார்கள். பாயிண்ட் கருகியிருக்கலாம், இடையில் எறும்பு நசுங்கி ஒட்டியிருக்கலாம். எறும்புக்கு இந்தப் பெட்டியின் மேல் அப்படி என்ன ஆசையோ தெரியாது, பல்லியும் விடுவதில்லை. கம்பி நுழையும் ஓட்டையை அடைப்பதே இதற்கு வழி. உள்ளே பூச்சி மருந்து அடிக்காதீர்கள், தீப்பற்றும். கருகிய பாயிண்டை முரட்டு உப்புத்தாளால் தேய்ப்பதும் வேண்டாம். மேலே உள்ள வெள்ளிப் பூச்சு போய்விட்டால் இன்னும் வேகமாகக் கருகும். கரி மட்டும் படிந்திருந்தால் கெட்டித் தாளை இடையில் விட்டு இழுத்தால் போதும். குழி விழுந்திருந்தால் ஸ்விட்சை மாற்றத்தான் வேண்டும். பாயிண்ட் நன்றாகச் சேர்ந்திருந்தும் மோட்டார் உறுமிக்கொண்டு சுற்றாமல் நின்றால் கெபாசிட்டரையோ சிக்கிய இம்பெல்லரையோ (தண்ணீரைத் தள்ளும் சுழல் சக்கரம்) பாருங்கள்.

அதிகம் கவனிக்கப்படாத இடம் ஸ்விட்சுக்கு அழுத்தத்தைக் கொண்டுபோகும் கால் இஞ்ச் நிப்பிள் என்ற சின்னக் குழாய்த் துண்டு. உப்புப் போர்த் தண்ணீரில் அதன் துளை சுண்ணாம்பால் அடைபடும், இரும்பு நிப்பிளாக இருந்தால் துருவாலும் அடைபடும். கேஜ் 1 பார் காட்டினாலும் ஸ்விட்ச் பழைய அழுத்தத்திலேயே நின்றுவிடும். சில நேரம் அடைப்பது பிளம்பர் சுற்றிய டெஃப்லான் டேப்பின் நுனிதான். முதல் மரையை விட்டுவிட்டுச் சுற்றினால் அது உள்ளே போகாது. இரும்பு நிப்பிள் இருந்தால் பித்தளைக்கு மாற்றிவிடுங்கள்.

ஸ்விட்ச் கிடைக்கும்வரை கம்பிகளைச் சேர்த்து ‘டைரக்ட்’ கொடுத்துவிட்டுப் போவார்கள். அப்படிக் கொடுத்தால் பக்கத்தில் ஆள் இருக்கும்போது மட்டும் ஓட்டுங்கள், குழாயை மூடுவதற்கு முன்பே மோட்டாரை நிறுத்துங்கள்.

புதிதாக வாங்கும்போது அழுத்த அளவு ஒன்றை மட்டும் கேட்டால் போதாது. பாயிண்ட் எத்தனை ஆம்பியர் தாங்கும், எத்தனை ஹெச்பி மோட்டாருக்கு என்று பெட்டியில் பாருங்கள். மோட்டார் கிளம்பும் கணத்தில் ஓடும்போது இழுப்பதைவிடப் பல மடங்கு மின்சாரம் இழுக்கும். அரை ஹெச்பிக்கான ஸ்விட்சை ஒரு ஹெச்பி பம்பில் மாட்டினால் அதன் பாயிண்ட் சீக்கிரமே கருகிவிடும். பழையதைக் கழற்றும் முன் கம்பிகளை ஒரு படம் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். எர்த் கம்பியையும் மறக்காமல் அதே இடத்தில் முடுக்கிவிடுங்கள்.