மார்ச் 31-க்கு முன் வரிக் கணக்கில் விடும் பிழைகள்

இலங்கையில் வரியாண்டு மார்ச் 31-இல் முடிகிறது. சம்பளம் கூடி அடுத்த வரிப் படிக்குப் போனால் முழுச் சம்பளத்துக்கும் அந்த வீதம் விழும் என்ற பயம் இன்னும் பலரிடம் இருக்கிறது. அப்படி இல்லை. அந்தப் படிக்குள் வரும் துண்டுக்கு மட்டுமே அந்த வீதம்.

2025 ஏப்ரல் 1 முதல், வரி விழாமல் விடப்படும் ஆண்டு வருமானமான தனிநபர் நிவாரணம் 12 இலட்சத்திலிருந்து 18 இலட்சமானது. அதற்கு மேல் முதல் 10 இலட்சத்துக்கு 6%. பிறகு 5 இலட்சத்துக்கு 5 இலட்சமாக 18, 24, 30 சதவீதம், மிச்சத்துக்கு 36%. பழைய 12% படி இப்போது இல்லை. மாதம் 250,000 ரூபாய் எடுக்கும் ஒருவருக்கு ஆண்டு வருமானம் 30 இலட்சம். நிவாரணம் போக 12 இலட்சம். 10 இலட்சத்துக்கு 60,000, மிச்ச 2 இலட்சத்துக்கு 36,000, மொத்தம் 96,000 ரூபாய். பழைய முறையில் இதே சம்பளத்துக்கு 252,000. இரண்டு இடத்தில் வேலை செய்பவர் இந்த 18 இலட்சத்தை இரண்டு தடவை கழிக்க முடியாது.

அதிகம் சறுக்கும் இடம் நிலையான வைப்பு. வட்டியில் வங்கி பிடிக்கும் வரி 2025 ஏப்ரலில் 5 சதவீதத்திலிருந்து 10 ஆனது. ‘பாங்கில வெட்டிட்டாங்கள், அதோட சரி’ என்று விட்டுவிடுகிறார்கள். அது முற்பணம் மட்டுமே. மேலே சொன்னவருக்கு வட்டி 3 இலட்சம் வந்தால், அது 18% படியில் விழுந்து 54,000 ரூபாய் வரியாகும். வங்கி பிடித்தது 30,000. மிச்சம் 24,000 அவர் கட்ட வேண்டும். மறுபக்கம், எல்லா வருமானமும் சேர்ந்து 18 இலட்சத்தைத் தாண்டாத ஓய்வூதியர், டின் என்ற வரி இலக்கத்தோடு அதைச் சொல்லும் சுயபிரகடனக் கடிதத்தை வங்கியில் கொடுத்தால் இந்த 10% பிடிபடாது. போன வருசம் கொடுத்த கடிதம் இந்த வருசத்துக்கு ஆகாது.

இன்னொரு வேடிக்கை, இந்திய யூடியூப் வீடியோக்கள். தமிழில் விளக்கமாக இருக்கின்றன, அங்கும் நிதியாண்டு ஏப்ரலில்தான் தொடங்குகிறது. அதனால் 80சி கழிவு, பழைய முறை, புதிய முறை என்று இந்திய வரி விதிகளை வைத்து நம்மவர்களும் கணக்குப் பார்க்கிறார்கள். அவை எதுவும் இங்கு செல்லாது. காப்புறுதி, வைத்தியச் செலவு, வீட்டுக்கடன் வட்டி ஆகியவற்றுக்கு இங்கே இருந்த செலவு நிவாரணமும் முன்பே எடுபட்டுவிட்டது. அந்தப் பற்றுச்சீட்டுகளைச் சேர்த்து வைப்பதில் பலன் இல்லை. மார்ச் 31-க்குள் செய்து பலன் காணக்கூடியது சோலார். தேசிய மின்கட்டமைப்போடு இணைத்த தகடுகளுக்கான செலவில் வருடத்துக்கு 6 இலட்சம் வரை கழிக்கலாம். மிஞ்சினால் அடுத்த வருடத்துக்குக் கொண்டுபோகலாம்.

வரவு செலவுத் திட்ட உரையைச் சட்டமாக எடுத்துக்கொள்வதும் பிழை. வற் (பெறுமதி சேர் வரி) பதிவுக்கான விற்பனை எல்லையை ஆண்டுக்கு 60 மில்லியனிலிருந்து 36 மில்லியனுக்குக் குறைப்பதாக 2025 நவம்பர் உரையில் வந்தது முன்மொழிவு. சட்டத் திருத்தத்தில் எந்தத் திகதி போடப்படுகிறதோ அன்றிலிருந்துதான் அது பொருந்தும்.

திருகோணமலையில் உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் அறை விடுபவர்களுக்குத் தனியாக ஒன்று. வீட்டை வாடகைக்கு விட்டால் வாடகையில் 25% கழிவு உண்டு; திருத்தச் செலவைத் தனியாகக் காட்டத் தேவையில்லை. சாப்பாடு, துப்புரவு, முன்பதிவு என்று நடத்தும் கெஸ்ட்ஹவுஸ் வியாபாரம். அதற்கு அந்த 25% கிடையாது. பெயின்ற், லோண்ட்றி, கரண்ட், முன்பதிவுத் தளத்தின் கமிஷன் எல்லாவற்றுக்கும் பில் வேண்டும்.

இங்கே சீசன் மே முதல் செப்டெம்பர் வரை. தெற்குக் கரையில் டிசம்பரில் தொடங்கும் சீசன் இரண்டு மதிப்பீட்டாண்டுகளில் (ஏப்ரல் முதல் மார்ச் வரையான வரியாண்டு) பிரிந்து விழும். திருகோணமலைக்காரருக்கு முழுக் காசும் ஒரே ஆண்டின் முதல் பாதியில் வருகிறது. வரி கட்டும் தவணைகளோ ஆகஸ்ட் 15, நவம்பர் 15, பெப்ரவரி 15, மே 15. கடைசி இரண்டும் கடல் கொந்தளித்து அறைகள் காலியாகக் கிடந்த மாதங்களுக்குப் பிறகு வருகின்றன. மிச்ச வரிக்கு செப்டெம்பர் 30, வருமான வரி விபரத்திரட்டுக்கு நவம்பர் 30. ஆகஸ்டில் கை நிறைந்திருக்கும்போதே நாலு தவணைக்குமான காசை வேறு கணக்கில் போட்டுவிட வேண்டும். ஆகஸ்டில் போட்ட கணக்குக்கும் சீசன் முடிந்து பார்க்கும் வருமானத்துக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால், நவம்பர் தவணைக்கு முன் கணக்கைத் திருத்திப் பார்க்க வேண்டும்.