குடிநோயாளர் குழு அமர்வைச் செவிலியர் நடத்தும் முறை

குழுவில் யாரைச் சேர்ப்பது என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். நெடுநாள் குடித்தவர் திடீரென நிறுத்தும்போது கைநடுக்கமும் வியர்வையும் சில மணி நேரத்திலேயே தொடங்கும். முதல் 48 மணி நேரத்தில் வலிப்பும், 48 முதல் 96 மணி நேரத்திற்குள் கடும் மனக்குழப்பமும் சிலருக்கு வரக்கூடும் என்பதால், அந்த நாட்களில் அவருக்கு வேண்டியது மருத்துவக் கண்காணிப்புதான். தெளிந்த பிறகே குழுவுக்கு அழைக்க வேண்டும்.

எட்டு முதல் பன்னிரண்டு பேர், 60 முதல் 90 நிமிடங்கள் என்ற அளவு பொருத்தமானது. செவிலியரும் அதே வட்டத்தில், அதே மாதிரி நாற்காலியில் அமர வேண்டும். இங்கே பேசுவது வெளியே போகாது என்பதையும், தற்கொலை எண்ணமோ பிறர் உயிருக்கு ஆபத்தோ தெரியவந்தால் மட்டும் மருத்துவரிடம் சொல்லியே ஆகவேண்டும் என்பதையும் தொடக்கத்திலேயே கூறிவிட வேண்டும்.

ஒருவர் தலையைக் குனிந்துகொண்டு, "முந்தாநாள் குடிச்சிட்டேன் சிஸ்டர்" என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அறிவுரை நாக்கு நுனி வரை வரும். அதை அடக்கிக்கொள்ள வேண்டும். வார்டில் நாள் முழுவதும் சொல்லிச் சொல்லியே வேலை வாங்கிப் பழகிய நமக்கு இது எளிதல்ல. "இதைச் சொல்றதே கஷ்டமா இருந்திருக்கும். அன்னைக்குக் காலையிலேருந்து என்ன நடந்துச்சு?" என்று கேட்டால், கைக்கு வந்த சம்பளம், வீட்டில் நடந்த சண்டை, பகல் முழுவதும் சாப்பிடாத வயிறு, பழைய நண்பரின் அழைப்பு என்று, கோப்பையை எடுப்பதற்கு முந்தைய படிகள் ஒவ்வொன்றாக வெளியே வரும். அப்போது வட்டத்தைப் பார்த்து, "இந்த இடத்துல நீங்க இருந்தா என்ன செஞ்சிருப்பீங்க?" என்று கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். சில மாதங்களாகக் குடியை விட்டிருப்பவர் தன் அனுபவத்திலிருந்து சொல்லும் ஒரு வழி, நாம் சொல்லும் பத்து வழிகளைவிட ஆழமாக இறங்கும்.

ஒருமுறை சறுக்கியதும் "எல்லாம் போச்சு" என்று எண்ணும் குற்றவுணர்வே மீண்டும் முழுக்குடிக்குத் தள்ளுகிறது என்று உளவியலாளர் ஆலன் மார்லட் 1980களில் விளக்கினார். ஆகவே சறுக்கியவரைக் குழுவிலிருந்து நீக்குவது தவறு. போதையிலேயே அமர்வுக்கு வருபவரிடம் மட்டும் வாதிடாமல், வெளியே அழைத்துச் சென்று நாடித்துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் பார்த்துவிட்டு, அடுத்த அமர்வுக்கு வரச்சொல்ல வேண்டும்.

ஒருவரே பேசிக்கொண்டிருந்தால், நன்றி கூறி அடுத்தவரிடம் திரும்பலாம். அமர்வு முடிந்ததும் துணைச் செவிலியருடன் பத்து நிமிடம் உட்கார்ந்து, அன்று வாயே திறக்காதவர் யார் என்று பார்த்து, மாலைக்குள் அவரிடம் தனியே போய்ப் பேச வேண்டும்.