விதை நீக்கச் சத்திரசிகிச்சை: எந்தக் குளிசையை விடுவது, எதை விடக்கூடாது

விதைகளை அகற்றிய திருநங்கைகளுக்கு நேரும் மிகப் பாரதூரமான பிழை சத்திரசிகிச்சை அறையில் நடப்பதில்லை. காயம் ஆறி, ஆறு மாதமோ ஒரு வருடமோ கழிந்து, "இனி எல்லாம் முடிஞ்சுதுதானே" என்று பெண் ஓமோனான ஈஸ்ட்ரோஜனை விடும்போதுதான் நடக்கிறது.

ஆண் ஓமோனான டெஸ்டோஸ்டிரோனில் பெரும்பங்கு சுரப்பது விதையில். அது போன பிறகு வெளியிலிருந்து ஈஸ்ட்ரோஜனும் வராவிட்டால் எலும்பைக் காக்க உடலில் போதிய ஓமோன் இருக்காது. முதலில் திடீர்ச் சூடு, இரவு வியர்வை, சோர்வு வரும். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் இதையெல்லாம் வெயிலின் மேல் போட்டுவிடுவோம். எலும்பு தேய்வது வலிக்காது. கால் வழுக்கி மணிக்கட்டு முறிந்தபிறகுதான் பலருக்குத் தெரியவரும். நெத்தலி, முருங்கையிலை, குரக்கன் எல்லாம் எலும்புக்கு நல்லவைதான், தாராளமாகச் சாப்பிடுங்கள். ஆனால் ஈஸ்ட்ரோஜன் செய்யும் வேலையை அவை செய்யமாட்டா.

இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு. சைப்புரோட்டரோன், ஸ்பைரோனோலக்டோன் போன்றவை டெஸ்டோஸ்டிரோனை அடக்குவதற்கான குளிசைகள். விதை போன பிறகு பெரும்பாலும் இவற்றுக்கு வேலை இல்லை. பழைய துண்டைக் காட்டிப் பாமசியில் மாதாமாதம் வாங்கி விழுங்குவது வீண் செலவு மட்டுமல்ல. சைப்புரோட்டரோனைக் கூடிய அளவில் நீண்டகாலம் எடுத்தால் மூளையுறையில் மெனிஞ்சியோமா என்னும் கட்டி வரும் ஆபத்துக் கூடும். வீட்டுக்கு விடும் நாளிலேயே "எதை எப்போது நிறுத்துவது?" என்று வைத்தியரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள்.

ஈஸ்ட்ரோஜனுக்குப் பதிலாகக் குடும்பக் கட்டுப்பாட்டுக் குளிசையை இரண்டு மூன்றாகப் போடுவது நம்மிடையே இன்னும் இருக்கிறது. தயவுசெய்து விடுங்கள். அதிலுள்ள எத்தினைல் ஈஸ்ட்ராடையோல் இரத்தம் கட்டும் ஆபத்தைக் கூட்டும்; புகைப்பவருக்கு இன்னும் மோசம். வைத்தியர்கள் வழக்கமாகத் தருவது உடலில் இயற்கையாகச் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் வகையான ஈஸ்ட்ராடையோல், குளிசையாயின் நாளுக்கு 2 முதல் 6 மி.கி. சத்திரசிகிச்சைக்குப் பிறகு குறைந்த அளவே போதுமாகலாம். அதை இரத்தப் பரிசோதனைதான் சொல்லும். இருக்கவேண்டிய அளவு: ஈஸ்ட்ராடையோல் மில்லிலீற்றருக்கு 100–200 பிக்கோகிராம், டெஸ்டோஸ்டிரோன் டெசிலீற்றருக்கு 50 நனோகிராமுக்குக் கீழ். முதல் வருடம் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும், பிறகு வருடத்தில் ஒன்று இரண்டு முறையும் பார்க்கவேண்டும். முடி வளரப் பயோட்டின் குளிசை எடுப்பவர்கள் அதை முதலிலேயே வைத்தியரிடம் சொல்லி, இரத்தம் கொடுக்குமுன் சில நாட்கள் நிறுத்துங்கள். பயோட்டின் இருந்தால் சில ஆய்வுகூட முறைகளில் முடிவு பிழையாக வரும்.

சத்திரசிகிச்சைக்கு முன்பே யோசிக்கவேண்டியவை இரண்டு. முன்பே சேமித்து வைக்காவிட்டால், பிறகு சொந்த விந்தணுவால் பிள்ளை பெற முடியாது. ஓமோன் எடுக்கும் காலத்திலேயே விந்தணு குறைவதால், சேமிக்க விரும்பினால் முன்கூட்டிப் பேசவேண்டும். பின்னாளில் யோனி அமைப்புச் சத்திரசிகிச்சை செய்யும் எண்ணம் இருந்தால் அதையும் சொல்லுங்கள். விதைப்பைத் தோல் அதற்குத் தேவைப்படும். விதையோடு தோலையும் வெட்டி எறிந்தால், அல்லது தோல் சுருங்கிப் போனால், பிறகு வேறிடத்திலிருந்து தோல் எடுக்க நேரலாம்.

வெட்டும் வேலை பெரும்பாலும் ஒரு மணித்தியாலத்துக்குள் முடியும். அதனால்தான் ஆறுவதை லேசாக எடுத்துவிடுகிறோம். நமது வீடுகளில் முதல் எதிரி கிணறு. ஒரு வாளி தண்ணீர் 10 கிலோ. இழுக்கும்போது அடிவயிறு இறுகி, கட்டிவிட்ட இரத்தக்குழாய் கசியலாம். இரண்டு கிழமைக்காவது இன்னொருவர் அள்ளித் தரட்டும். ஆறு, குளம், கடல் குளிப்பு காயம் முழுதாக மூடும்வரை வேண்டாம். ஐஸைத் துணியில் சுற்றி 15–20 நிமிடம் வைத்து எடுங்கள். நேரே வைத்தால் தோல் கருகும். இறுக்கமான பருத்தி உள்ளாடை வீக்கத்தைத் தாங்கும், வியர்த்தால் உடனே மாற்றுங்கள். மலம் இறுகி முக்கினாலும் கிணற்று வாளி இழுத்த கதைதான். தண்ணீரும் பப்பாசியும் கூட வேண்டும். கொழும்பில் செய்துகொண்டால் அன்றே பஸ் ஏறாதீர்கள். நீண்ட தூரம் அசையாமல் இருந்தால் காலில் இரத்தம் கட்டலாம்.

நீலம் பாய்வதும் ஓரளவு வீங்குவதும் வழமை. வீக்கத்தின் ஓரத்தைப் பேனாவால் கோடிட்டு வையுங்கள். சில மணித்தியாலத்தில் கோட்டைத் தாண்டி, தோல் மினுங்கி, தொட்டால் கல்லுப்போல் இறுகினால் உள்ளே இரத்தம் நிறைகிறது என்று பொருள். 38 பாகைக்கு மேல் காய்ச்சல், சீழ், ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தல், மூச்சுத் திணறல், இதில் எது வந்தாலும் விடியும்வரை காத்திருக்காமல் 1990ஐ அழையுங்கள். அம்புலன்ஸ் இலவசம்.

வீட்டிலோ, தகுதியற்ற ஆளிடமோ வெட்டிக்கொள்வது உயிரைப் பணயம் வைப்பது. விதையின் இரத்தக்குழாய்கள் அடங்கிய விந்து நாண் நழுவி உள்ளே இழுபட்டால் இரத்தம் எங்கிருந்து வருகிறதென்று பிடிக்கவே முடியாது. நேர்வழி மனநல வைத்திய நிபுணரிடமிருந்து தொடங்குகிறது. 2016 முதல் பால்நிலை அங்கீகாரச் சான்றிதழும் அவர் வழியாகவே வருகிறது. மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலை போன்ற பெரிய வைத்தியசாலைகளின் மனநலப் பிரிவில் கேளுங்கள்.

வைத்தியசாலை தரும் டயக்னோசிஸ் கார்ட்டைப் படமெடுத்துக் கைபேசியில் வையுங்கள். ஓமோன் தரும் கிளினிக்கிலும், விபத்துப் பிரிவிலும், 50 வயதுக்குப் பிறகு சிறுநீர் தடைப்பட்டுப் போகும்போதும் காட்டுங்கள். விதை போனாலும், சிறுநீர்ப்பைக்குக் கீழுள்ள புரஸ்டேட் சுரப்பி உள்ளேதான் இருக்கிறது. பெண் பெயரில் பதிந்த நோயாளிக்கு அதைப் பார்க்கவேண்டும் என்று வைத்தியருக்குத் தானாகத் தோன்றாது.